சாக்குக்குக் கழிவு

கிளினிக்கில் தொண்ணூற்றாறு காட்டியபோது
மிசின் பிழை என்றேன்.
இருபத்திரண்டு வருசமாய்
மூன்று வேளையும் கொழுந்து நிறுக்கிறவன் நான்.
முள் எங்கே பொய் சொல்லும் என்று
எனக்குத் தெரியாதா?

சந்தியா மிஸ் சிரிக்கவில்லை.
சீனி இருநூற்று நாற்பது என்று கொப்பியில் எழுதி
அடியில் இரண்டு கோடு கிழித்தாள்.

அந்தி நிறுவை முடிந்து
மடுவத்தில் ஆளில்லாத நேரம்
தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கினேன்,
காலை மடக்கி, மூச்சை அடக்கி.
தொண்ணூற்றாறரை.
மறந்த படங்கை எடுக்க வந்த யோகலெட்சுமி
வாசலிலேயே நின்று கேட்டாள்:
"சாக்குக்கு எவ்வளவுங்க ஐயா கழிக்கிறது?"

மறுநாள் ஏழாம் நம்பர் மலை முழுக்க
அந்தச் சிரிப்புதான்.

முதல் ஒன்பது கிலோ சுலபமாய்ப் போனது.
மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக்
குறுக்குப் படியில் நடந்தேன்.
மூன்று ரொட்டி ஒன்றரை ஆனது.
தேத்தண்ணிக்குச் சீனியை விட்டபோது
நாற்பத்தாறு வயதில் முதல்தடவையாய்த்
தேயிலை என்ன ருசி என்று தெரிந்தது.
அவ்வளவு காலமும் நான் குடித்தது
சாயம் போட்ட சீனி.

பிறகு மச்சினன் மகளின் கலியாணம், நோர்வூட்டில்.
பிறகு தீமிதி.
பிறகு காரணமே இல்லாத ஒரு புரட்டாதி மழை.
போன பாதை தெரிந்த மாடு மாதிரி
ஆறு கிலோ தானாக வீடு திரும்பியது.
பட்டியைக்கூடத் திறந்து வைத்தது நான்தான்.

அந்த மாதம் ஒன்பதாம் மலையில் கவ்வாத்து.
மொட்டையாய் நின்ற செடிகளில்
ஆறாம் வாரம் சிவப்பாய்த் துளிர்.
வெட்டினால் தழைக்கும், அது செடியின் குணம்.
அதற்காக யாரும் செடியைத் திட்டுவதில்லை.
ஏழு நாளுக்கொரு தரம் வந்து கொழுந்தெடுக்கிறோம்,
தட்டு மட்டமாய் நிற்கிறது.
வராமல் விட்டால் அது மரம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் தொங்குகிறேன்.
கூடினாலும் தொங்குகிறேன்.
கூடின வாரம்தான் முக்கியமாய்.

இரவு ஒன்பது மணிதான் பொல்லாதது.
பனி இறங்கி, லயத்துப் பக்கமிருந்து
ரொட்டி சுடும் வாசம் ஏறி வரும்.
விமலா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
விளக்கை அணைப்பாள். அவள் செய்த வைத்தியம் அது.
தட்டில் மிச்சம் வைக்க நான் பழகும்போது
கீழே மாவு விலையைப் பற்றிப் பேச்சு.
இதை யாரிடம் சொல்ல?
இளைத்தவனைக் கண்டால் எங்கள் தோட்டத்தில்
நோய் விசாரிப்பார்கள்.
புஸ்பமேரி எனக்காக மெழுகுதிரி ஏற்றினாள்.

எழுபத்தெட்டுக்கு வந்த நாள்
கணக்குப் பார்த்தேன்: பதினெட்டுக் கிலோ.
ஒரு பேருக்கு எடுக்கவேண்டிய கொழுந்து.
அதே நிறையில் ஒரு சாக்கைத் தோளில் ஏற்றிக்
குறுக்குப் படியில் நடந்து பார்த்தேன்.
நாற்பதாவது படியில் முழங்கால்
பழைய ஆளை அடையாளம் கண்டுகொண்டது.
நான் இறக்கி வைத்ததைத்தான்
இவர்கள் தினமும் ஏற்றுகிறார்கள்.
ஒரு கிலோ குறைந்தாலும்
அரைப்பேர் போட்டவன் நான்.

சாக்கைக் கொட்டி, வெறும் சாக்கைக் கொக்கியில் மாட்டினேன்.
அரைக் கிலோகூட இல்லை.
சாக்குக்கும் தண்ணிக்கும் என்று
வெயில் நாளிலும் நான் கழித்தது இரண்டு.
தோட்டத்துச் சட்டம் அது.
எழுதின கை என்னுடையது.

இப்போது காய்ந்த நாளில் அரை என்று எழுதுகிறேன்.
துரை இன்னும் கேட்கவில்லை.
கேட்பார்.

நேற்றுச் சனி.
ஆட்கள் போகும்வரை நான் காத்திருக்கவில்லை.
கொக்கியில் தொங்க, முள்ளை யோகலெட்சுமி வாசித்தாள்:
"எழுபத்தெட்டேமுக்கால்.
சாக்குக்குக் கழிக்கலீங்க."
முக்கால் கூடியிருக்கிறது.
செருப்பை மாட்டிக்கொண்டு
மேல்மலைக்கு நடந்தேன்.